மாப்பிள்ளையின் மஸ்டாங்

மகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவுக்குப் புறப்படும் அம்மாக்களின் பெட்டியில் என்னென்ன இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பிரசவ லேகியம், சுக்கு, ஓமம், வசம்பு, பழைய வேஷ்டியைக் கிழித்துத் துவைத்து மடித்த துணிகள், மகள் மறக்காமல் கேட்டிருந்த இரண்டு குக்கர் கேஸ்கட். இத்தனையையும் சுமந்துகொண்டு கலிபோர்னியாவில் மில்பிடாஸ் என்ற ஊரில் போய் இறங்கினேன். ஸான் ஹோஸே நகரத்தை ஒட்டினாற்போல் இருக்கிற ஊர். போன இடத்தில் குழந்தை வளர்ப்பைப் பற்றிப் புதிதாக நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. மோட்டார் காரின் புகைக்குழாயைப் பற்றித்தான், எந்த மாமியாருக்கும் தேவைப்படாத அளவுக்குக் கற்றுக்கொண்டு திரும்பினேன்!

வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே கார் கொட்டகையில் அதைப் பார்த்துவிட்டேன். சிவப்புக் கார். நான்கு இரும்பு முக்காலிகளின் மேல் அந்தரத்தில் நின்றது. பானெட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தது. வாய் பார்க்கும் டாக்டருக்கு முன்னால் திறந்த வாய் மாதிரி எஞ்சின் தெரிந்தது.

"இதுதான் அம்மா என் சக்களத்தி" என்றாள் என் பெண். "எனக்கு எட்டு மாசம். அவளுக்கு ஏறக்குறைய அறுபது வயசு. இவர் யாரை முதல்லே கவனிப்பார்னு நினைக்கறே?"

மாப்பிள்ளை அசடு வழியச் சிரித்தார். "குழந்தை வர்றதுக்குள்ளே முடிச்சுடுவேன் அத்தை. ஒரே ஒரு வேலைதான் பாக்கி. ஹெட்டர் மாட்டணும்."

அந்த "ஒரே ஒரு வேலை" மூன்று வாரம் இழுத்தது.

சக்களத்தியின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். 1966-ஆம் வருஷத்து ஃபோர்டு மஸ்டாங். 1964 ஏப்ரல் 17-ந் தேதி நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் மஸ்டாங்கை முதன்முதலில் வெளியிட்டபோது ஆரம்ப விலை 2,368 டாலர். முதல் நாளே 22,000 பேர் ஆர்டர் கொடுத்தார்களாம். ஒவ்வொரு காரின் நம்பரிலும் இரண்டாவதாக ஓர் எழுத்து இருக்கும். அது எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது என்பதற்கு அடையாளம். எங்கள் காரில் இருந்தது 'ஆர்' என்ற எழுத்து. ஸான் ஹோஸே தொழிற்சாலை என்று அர்த்தம். பெயர்தான் ஸான் ஹோஸே. கட்டடம் இருந்தது மில்பிடாஸில். 1955-ல் திறந்து 1983-ல் மூடிவிட்டார்கள். 1994 முதல் அதே கட்டடத்தில் 'கிரேட் மால்' என்ற பிரம்மாண்டமான கடைத்தொகுதி நடக்கிறது. என் மகள் பிள்ளைத் துணிமணி வாங்க என்னை அழைத்துப் போனது அங்கேதான். நாங்கள் தொட்டில் மெத்தை பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு காலத்தில் இந்தக் கார் வரிசையில் நகர்ந்து வந்திருக்கக்கூடும் என்று மாப்பிள்ளை சொன்னபோது எனக்கே கொஞ்சம் மெய்சிலிர்த்தது.

சரி, ஹெட்டர் என்றால் என்ன?

கார் எஞ்சினும் நம்மைப்போல் மூச்சுவிடுகிற ஜந்துதான். காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுக்கிறது, எரிக்கிறது, புகையை வெளியே தள்ளுகிறது. இந்தக் காரில் எட்டு சிலிண்டர். பக்கத்துக்கு நான்காக, 'வி' என்ற ஆங்கில எழுத்தைப் போல் இரண்டு வரிசை சாய்ந்து நிற்கும். நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு 25 தடவை புகையைத் தள்ளுகிறது. ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களின் புகையும் போவதற்குத் தொழிற்சாலைக்காரர்கள் வைத்தது கனமான வார்ப்பிரும்புக் கூடு ஒன்று. கல்யாணச் சத்திரத்தில் நான்கு அறைக் கதவும் ஒரே குறுகிய நடையில் திறந்து, நடையின் கோடியில் ஒரே வாசல் இருந்தால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி.

அதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. எட்டு சிலிண்டரும் வரிசையாக வெடிப்பதில்லை. இந்த எஞ்சினில் 1, 5, 4, 2, 6, 3, 7, 8 என்பது கிரமம். இடப்பக்கம் இருப்பவை 5, 6, 7, 8. கடைசியைப் பாருங்கள்: ஏழும் எட்டும் அடுத்தடுத்து வெடிக்கின்றன, அடுத்தடுத்துத்தான் நிற்கின்றன! ஏழாவது அறைக்காரர் வாசலைத் தாண்டுவதற்குள் எட்டாவது அறைக்காரர் வந்து இடிக்கிறார். தள்ளுமுள்ளில் புகை தயங்கி நிற்கிறது. புகை முழுக்கப் போகாத சிலிண்டருக்குள் புதுக் காற்று எப்படி நிறைய வரும்?

ஹெட்டர் என்பது இதற்குப் பரிகாரம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக நீண்ட எஃகுக் குழாய். மாப்பிள்ளை வாங்கியிருந்த மாதிரியில் நான்கு குழாய் இரண்டிரண்டாகச் சேர்ந்து, அந்த இரண்டும் கீழே ஒன்றாகும். அடுத்தடுத்து வெடிக்கும் இருவரை ஒரே ஜோடியில் போடமாட்டார்கள். இதனால் இடி படாமல் இருப்பது மட்டுமல்ல, வேகமாக ஓடும் ஒரு புகைக் கற்றை தன் பின்னால் ஒரு வெற்றிடம்போல் விட்டுப் போகிறது. அது அடுத்தவர் புகையைக் கையைப் பிடித்து இழுக்கிறது. 1965-ல் கரோல் ஷெல்பி என்ற பந்தய வீரர் ஸான் ஹோஸேயில் செய்த மஸ்டாங்குகளை வாங்கி, இந்த மாதிரிக் குழாயையும், மேலே வேறு காற்றுக்குழாயையும், பெரிய கார்புரேட்டரையும் மாட்டி, 271 குதிரை சக்தியை 306 ஆக்கிக் காட்டினார். அன்றுமுதல் மஸ்டாங் வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் குழாயின்மேல் ஒரு மோகம். எங்கள் மாப்பிள்ளை கம்ப்யூட்டர் எஞ்சினீயர். பந்தயம் ஓட்டப் போவதில்லை. இருந்தாலும் மோகத்துக்கு நியாயம் கேட்க முடியுமா? நாம் நெக்லெஸ் வாங்கும்போது யாராவது கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்!

குழாய் வாங்குவது சுலபம். மாட்டுவதில்தான் இருக்கிறது சங்கடம்.

எங்கள் வீட்டில் முன்பு அம்பாசடர் இருந்தது. பானெட்டைத் திறந்தால் உள்ளே ஒரு குழந்தையை உட்காரவைத்துச் சோறு ஊட்டலாம் போல இருக்கும். மஸ்டாங் அப்படியல்ல. அதன் அடித்தளம் 1960 மாடலாக வந்த ஃபால்கன் என்ற சிக்கனக் காருடையது. ஃபால்கனுக்கு வைத்தது ஆறு சிலிண்டர் நிமிர்ந்து நிற்கும் ஒல்லியான எஞ்சின். முன் சக்கரங்களின் ஸ்பிரிங்கை மேலே தூக்கி வைத்து, அதற்காக எஞ்சின் அறையின் இரு பக்கமும் இரண்டு தகரக் கோபுரங்களை எழுப்பியிருந்தார்கள். ஒல்லிக்கு அது போதும். அந்த அறைக்குள் 'வி' எஞ்சினைக் குடிவைத்தபோது, அதன் இரண்டு தோளும் இரண்டு கோபுரத்தை முட்டாத குறை. புகை வெளியேறும் வாயோ அந்தத் தோள்களின் வெளிப்பக்கத்தில்தான் இருக்கிறது! அமெரிக்காவில் டிரைவர் இடப்பக்கம் உட்காருகிறவர் ஆதலால், இடப்பக்கம் ஸ்டீயரிங் பெட்டியும் தண்டும், கிளட்ச் மிதியின் குறுக்குத்தண்டும், ஆயில் ஃபில்டரும் குடியிருக்கின்றன. வலப்பக்கம் ஸ்டார்ட்டர் மோட்டார். இத்தனை பேருக்கும் நடுவில், பாம்புக் கூட்டம்போல் வளைந்து நெளிந்த நான்கு குழாயை நுழைக்கவேண்டும்.

திருவல்லிக்கேணி வீட்டு மாடிப்படியில் இரும்பு பீரோ ஏற்றியதைப் பார்த்திருக்கிறீர்களா? "இந்தப் பக்கம் சாய்... அந்தப் பக்கம் தூக்கு... ஐயையோ, விரல்!" தினமும் ராத்திரி எட்டு மணிக்குமேல் எங்கள் கொட்டகையில் அந்த வசனம்தான்.

அடுத்த வீட்டில் ஓர் அமெரிக்கத் தாத்தா. எண்பதை எட்டியவர். வாலிபத்தில் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஒரு நாள் மடக்கு நாற்காலியுடன் வந்து, கொட்டகை வாசலில் உட்கார்ந்து, அரை மணி நேரம் வாய் திறக்காமல் வேடிக்கை பார்த்தார். பிறகு சொன்னார்: "தம்பி, நாங்கள் எஞ்சின் வெளியே இருக்கும்போதே இதையெல்லாம் மாட்டிவிட்டு, அப்புறம்தான் உள்ளே வைப்போம். நீ வீட்டைக் கட்டி முடித்துவிட்டு ஜன்னல் வழியாகக் கட்டிலை நுழைக்கிறாய்."

அன்றுமுதல் அவர்தான் குரு. முதலில் எட்டிய இடங்களையெல்லாம் காலி செய்யச் சொன்னார். கிளட்ச் தண்டு, ஆயில் ஃபில்டர், ஸ்டார்ட்டர் எல்லாம் வெளியே வந்தன. பழைய கூட்டின் போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தார்கள். அப்படியும் ஒன்று தலை முறிந்து உள்ளேயே தங்கிவிட்டது. அதைத் துளைபோட்டு எடுக்க இரண்டு நாள். பிறகு எஞ்சினைத் தாங்கும் ரப்பர்த் தாங்கிகளைத் தளர்த்தி, அடியில் மரக்கட்டை வைத்து, ஜாக்கியால் எஞ்சினையே இரண்டு அங்குலம் தூக்கினார்கள். அந்த இரண்டு அங்குலத்தில் குழாய் கீழேயிருந்து வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. மாப்பிள்ளை கைகொட்டியதைப் பார்க்கவேண்டும்! எஞ்சினை இறக்கினார்கள். ஒரு குழாய் போய் ஸ்டீயரிங் பெட்டியின்மேல் ஒட்டிக்கொண்டது.

"ஒரு மயிரிழை இடைவெளி இருக்கே, போதாதா?" என்றார் மாப்பிள்ளை.

தாத்தா தலையை ஆட்டினார். "நிற்கும்போது போதும். ஓடும்போது எஞ்சின் தோளைக் குலுக்கும். ஒரு விரல் நுழையவேண்டும். ஒன்று குழாயை ஒடுக்கு, இல்லாவிட்டால் காரை அறு."

காரை அறுக்கிறவர்களும் இருக்கிறார்களாம். தகரக் கோபுரங்களையே வெட்டியெறிந்துவிட்டு, முன்பக்கத்தில் வேறு மாதிரி ஸ்பிரிங் வைத்துக்கொள்கிறார்கள். இடம் தாராளமாகக் கிடைக்கும். என் பெண் காதில் இது விழுந்ததோ இல்லையோ, சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தாள்: "அறுபது வருஷமா முழுசா இருந்த வண்டியை அறுத்தீங்கன்னா நான் இந்த வீட்டிலே இருக்கமாட்டேன்!" சக்களத்திக்குப் பரிந்துகொண்டு வந்ததைக் கவனித்தீர்களா?

ஆகவே குழாயை ஒடுக்குவது என்று தீர்மானமாயிற்று. அதைப் பழுக்கக் காய்ச்சி, உருண்டைத் தலைச் சுத்தியலால் மெள்ள மெள்ளத் தட்டினார்கள். குழந்தைக்குக் காது குத்தும்போது தகப்பன் முகத்தைத் திருப்பிக்கொள்வது போல் மாப்பிள்ளை திருப்பிக்கொண்டார். சின்ன ஒடுக்குதான், புகை போவதற்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாதாம். அழகுதான் போயிற்று. அதுவும் காருக்குக் கீழே படுத்துப் பார்க்கிறவர்களுக்கு மட்டும்.

பக்கத்துக்கு எட்டு, ஆகப் பதினாறு போல்ட். நடுவில் தொடங்கி ஓரத்துக்கு, முதலில் லேசாக, பிறகு இறுக்கமாக முடுக்கவேண்டும். இரும்புக்கும் குழாய்க்கும் நடுவே கேஸ்கட். சில போல்ட்டுகளுக்கு ஸ்பானர் எட்டில் ஒரு பங்கு சுற்றுக்குமேல் திரும்பாது. எடுத்து, மாற்றிப்போட்டு, மறுபடி எட்டில் ஒரு பங்கு. பாட்டிமார் கோலத்துக்குப் புள்ளி வைப்பதற்குக்கூட இவ்வளவு பொறுமை வேண்டாம்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காரை வெளியே தள்ளிக்கொண்டுபோய் ஸ்டார்ட் செய்தார். புதுக் குழாயின் பூச்சு காய்ந்து குபுகுபுவென்று வெண்புகை வந்து அடங்கியது. அப்புறம் ஒரு சத்தம்! இடியை வெல்வெட்டில் சுற்றிவைத்தாற்போல. தெருவே எட்டிப்பார்த்தது. பத்து நிமிஷம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, என் பெண்ணை முன்ஸீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குளிர் காற்று என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இறங்கியவள், "தலை பாரமா இருக்கும்மா. என்னமோ குமட்டறது" என்றாள். எட்டாம் மாசத்தில் இது என்ன அதிசயம்? சீரகத் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தேன். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் விடியற்காலை. நான் காபி டிகாக்ஷன் இறக்கிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை தூக்கம் வராமல் அதற்குள் காரை வாசலுக்குத் தள்ளி ஸ்டார்ட் செய்துவிட்டார். வெல்வெட் இடிக்கு நடுவே எனக்கு இன்னொன்று கேட்டது. "டிக், டிக், டிக், டிக்..." நாற்பது வருஷமாகக் குக்கர் வைத்தவளுக்கு அந்தச் சத்தம் என்னவென்று ஒருவர் சொல்லவேண்டுமா? கேஸ்கட் கசிகிறது! டம்ளரைக் கையில் பிடித்தபடியே வாசலுக்கு ஓடினேன். ஐந்து நிமிஷத்தில் சத்தம் தேய்ந்து மறைந்துவிட்டது.

"ஒண்ணுமில்லே அத்தை. புது வண்டி... அதாவது, பழசுதான்... அப்படித்தான் இருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

"இல்லை மாப்பிள்ளை. நேத்து எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டறபோது சூடாயிருந்தது. அதான் கேக்கலை. எதுக்கும் தாத்தாவைக் கூப்பிடுங்கோ."

தாத்தா வந்து கேட்டார். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். தோட்டத்து ரப்பர்க் குழாய்த் துண்டு ஒன்றின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பதுபோல் ஒவ்வொரு சிலிண்டரிடமும் கொண்டுபோனார். இடப்பக்கம் கடைசியில், எட்டாவதில், நின்றார். டார்ச் அடித்துப் பார்த்தால், கேஸ்கட் ஓரத்தில் கண்மை இழுகினாற்போல் ஒரு கரிக்கோடு.

"மேடம் சொன்னது சரி" என்றார் தாத்தா. "குளிர்ந்திருக்கும்போது இடுக்கு வாய் திறந்திருக்கும். சூடானால் இரும்பு விரிந்து மூடிக்கொள்ளும், சத்தம் நிற்கும். கசிவு நிற்கும் என்று மட்டும் நம்பாதே."

பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, "நேற்று உன் மனைவிக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டார்.

மாப்பிள்ளையின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கியதை நான் பார்த்தேன்.

வண்டிப் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயு இருக்கிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்குமேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் இவைதான் முதல் அடையாளங்கள். வயிற்றிலிருக்கும் சிசுவின் ரத்தம் தாயின் ரத்தத்தைவிட அதை இன்னும் அதிகமாகப் பிடித்துக்கொள்கிறது. இப்போதைய கார்களில் இந்த வாயுவைப் பெருமளவு மாற்றிவிடும் கருவி புகைக்குழாயிலேயே இருக்கிறது. அமெரிக்கக் கார்களில் 1975 மாடல் முதல்தான் அது பரவலாக வந்தது. 1966-ஆம் வருஷத்துக் காரில் ஏது? எட்டாவது சிலிண்டரோ டிரைவரின் கால்மாட்டுச் சுவரை ஒட்டி நிற்கிறது. அந்தச் சுவரில் ஒயர் போகிற ஓட்டைகளில் இருந்த ரப்பரெல்லாம் எப்போதோ பொடியாய்ப் போயிருந்தன.

டாக்டருக்குப் போன் செய்தோம். உடனே வரச் சொன்னார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், குழந்தையின் இதயத் துடிப்பை ஒரு மணி நேரம் காகிதத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். குறை ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லும்வரை மாப்பிள்ளை உட்காரவே இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் நானும் என் மனத்துக்குள் எத்தனை கோவில் சுற்றினேன் என்பதற்குக் கணக்கில்லை. சீரகத் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்தவள் நான் அல்லவா?

அன்று ராத்திரி கொட்டகைக்குப் போனேன். காருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"கடைசி போல்ட்டு அத்தை... கை எட்டலை. ஸ்பானர் திரும்பலை. பதினஞ்சு நல்லா இறுகியிருக்கே, ஒண்ணு போனாப் போகட்டும்னு விட்டுட்டேன். எனக்குத் தெரியும். தெரிஞ்சே விட்டுட்டேன்."

நான் என்ன சொல்வது? "சாப்பிட வாங்கோ. தோசை ஆறிப்போறது" என்றேன்.

மறுநாள் தாத்தா தன் வீட்டிலிருந்து ஒரு நொண்டி ஸ்பானரைக் கொண்டுவந்தார். பாதி அறுத்து, சூடுகாட்டி வளைத்தது. ஒவ்வொரு மெக்கானிக்கிடமும் இப்படி வேண்டுமென்றே பாழாக்கிய ஸ்பானர் ஒன்று இருக்குமாம். எரிந்துபோன கேஸ்கட்டை மாற்றவேண்டுமானால் இடப்பக்கம் முழுவதையும் கழற்றியாக வேண்டும். மறுபடி எஞ்சினைத் தூக்கினார்கள். இந்தத் தடவை குழாய் உட்காரும் முகத்தின்மேல் நேர்க்கோல் வைத்துப் பார்த்தார்கள். ஒரு ஓரம் லேசாகக் கோணியிருந்தது தெரிந்தது. அரம் போட்டுச் சமன் செய்தார்கள். நொண்டி ஸ்பானர் எட்டாவதின் மூலைக்குள் புகுந்து திரும்பியது. ஓடவிட்டு, முழுக்க ஆறவிட்டு, மறுநாள் பதினாறையும் திரும்ப ஒருமுறை முடுக்கினார்கள். அதற்கு மறுநாளும். கால்மாட்டுச் சுவரின் ஓட்டைகளுக்கெல்லாம் புது ரப்பர். கலிபோர்னியாவில் 2011 முதல் தனி வீடுகளில் இந்த விஷவாயுவுக்கு எச்சரிக்கை மணி வைக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. மாப்பிள்ளை பாட்டரியில் ஓடும் மணி ஒன்றை வாங்கி, காருக்குள்ளேயும் வைத்தார்.

இதற்கெல்லாம் நடுவில் என் பேத்தி, குறித்த தேதிக்கு ஒன்பது நாள் முன்னதாக வந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனதும் வந்ததும் அவர்களுடைய மற்றொரு காரில்தான். பார்த்தால் பெயர்கூட ஞாபகம் வராத சாம்பல் நிறக் கார்.

நான் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் விடியற்காலை. ராத்திரி முழுக்கக் குளிரில் கிடந்த மஸ்டாங்கை மாப்பிள்ளை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். சாவியைத் திருகுமுன் என்னைப் பார்த்தார். நான் காபி டம்ளருடன் இடப்பக்கம், எட்டாவது சிலிண்டருக்கு நேராகப் போய் நின்றுகொண்டேன். இடி எழுந்தது. காதைச் சாய்த்துக் கேட்டேன். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், ஐந்து நிமிஷம்.

"இல்லை, மாப்பிள்ளை" என்றேன்.

உள்ளேயிருந்து பேத்தி அழுகிற சத்தம் கேட்டது. அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு எழுந்து போனார்.